இருமலே இல்லாமல் வரும் நுரையீரல் புற்றுநோய்

பள்ளிப்பட்டு வட்டாரத் தம்பதியருக்கு ஒரு சொற்பொழிவு



குடும்ப நலம் என்று சொன்னவுடனே, "பிள்ளை எத்தனை, இடைவெளி எத்தனை என்று பேச வந்துட்டாங்க" என்றுதான் நினைப்பீர்கள். அது மட்டும் குடும்ப நலம் ஆகிவிடாது. பெற்ற பிள்ளைகளை வளர்த்து ஆளாக்க அப்பாவும் வேண்டும், அம்மாவும் வேண்டும். இரண்டு பேரும் உயிரோடு, உடல் நலத்தோடு இருக்க வேண்டும். ஆகையால் இன்றைக்கு நுரையீரல் புற்றுநோயைப் பற்றிப் பேசுவோம்.

"அது தெரிஞ்சதுதானே! ஓயாத இருமல், சளியில் ரத்தம், மூச்சு இளைப்பு" என்பீர்கள். சரிதான். நிறையப் பேருக்கு அப்படித்தான் தெரிய வருகிறது. ஆனால் சில பேருக்கு இந்த நோய் வேறு வேஷம் கட்டிக்கொண்டு வருகிறது. தோள் வலியாக வரும். முக வீக்கமாக வரும். குரல் கம்மலாக வரும். புத்தித் தடுமாற்றமாகக்கூட வரும். நெஞ்சில் ஒரு வலியும் இருக்காது. அந்த வேஷத்தை முதலில் பார்க்கிற ஆள் டாக்டர் அல்ல. கூடவே வாழ்கிற மனைவிதான்; கூடவே வாழ்கிற கணவன்தான். அதனால்தான் உங்களைத் தம்பதியராக உட்கார வைத்துப் பேசுகிறோம்.

இது ஏன் அவசரமான நோய்?

நுரையீரல் புற்றுநோயில் பல வகை உண்டு. அவற்றில் ஒன்றைச் சிறுசெல் புற்றுநோய் என்பார்கள். பூதக்கண்ணாடியில் பார்த்தால் அணுக்கள் பொடிப்பொடியாகத் தெரியும். அதனால் அந்தப் பெயர். பெயர்தான் சிறுசெல்லே தவிர, வேகத்தில் இதுதான் பெரியது. சில வாரங்களுக்குள் கட்டி இரண்டு மடங்காக வளர்ந்துவிடும். ரத்தத்தோடு கலந்து மூளைக்கும், கல்லீரலுக்கும், எலும்புக்கும் போய்விடும். இந்த வகை வந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பேருக்கு, கண்டுபிடிக்கும்போதே நோய் வெளியிடங்களுக்குப் பரவியிருக்கிறது. வைத்தியம் செய்யாமல் விட்டால் சில மாதங்கள்தான்.

அப்படியென்றால் கண்டுபிடித்து என்ன பிரயோசனம் என்று கேட்காதீர்கள். வேகமாக வளர்கிற இந்தக் கட்டிதான் மருந்துக்கும் வேகமாகக் கரைகிறது. நோய் நெஞ்சுக்கூட்டின் ஒரு பக்கத்துக்குள்ளேயே நிற்கும்போது பிடித்துவிட்டால், மருந்தும் கதிர்வீச்சும் சேர்த்துக் கொடுத்து, ஐந்து பேரில் ஒருவரையாவது ஐந்து ஆண்டுக்கு மேல் வாழ வைக்க முடிகிறது. பரவிய பிறகு வந்தாலும் வலியைக் குறைக்கலாம், மூச்சை எளிதாக்கலாம், நாட்களை நீட்டலாம். ஆனால் இந்த நோயில் மாதக் கணக்கு செல்லாது, வாரக் கணக்குதான். "ஆடி போகட்டும், பண்டிகை முடியட்டும், கரும்பு வெட்டு முடியட்டும்" என்று தள்ளிப்போட இடமே இல்லை.

நோய் போடுகிற வேஷங்கள்

இனி ஒவ்வொன்றாகப் பார்ப்போம். முன்னதாக ஒரு வார்த்தை. இப்போது சொல்லப்போகிற தொந்தரவுகள் எல்லாமே பெரும்பாலும் சாதாரணக் காரணங்களால்தான் வருகின்றன. தோள் வலித்தவருக்கெல்லாம் புற்றுநோய் இல்லை. பயந்து தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் புதிதாக வந்த தொந்தரவு மூன்று வாரமாகியும் போகவில்லை, வரவர அதிகமாகிறது, ஆள் இளைக்கிறார், நாற்பது வயதைத் தாண்டியவர், பீடி சிகரெட் பழக்கம் உள்ளவர் என்றால், நெஞ்சையும் ஒரு தடவை பார்த்துவிட வேண்டும்.

முதல் வேஷம், தோள் வலி. நம் பக்கத்தில் தறி நெய்கிறவர்கள் நிறைய. காலையிலிருந்து இருட்டும்வரை கை ஓயாது. தோள் வலிக்கத்தானே செய்யும் என்று தைலம் தேய்ப்போம், மாத்திரை போடுவோம். வேலையால் வந்த வலி ஓய்வெடுத்தால் குறையும். நுரையீரலின் உச்சியில், காரை எலும்புக்குப் பின்னால் கட்டி வளர்ந்தால் வருகிற வலி அப்படிக் குறையாது. ராத்திரியிலும் குடையும். கையின் உள்பக்கமாக இறங்கிச் சுண்டுவிரல் வரைக்கும் மரமரப்பு வரும். நாளாக ஆக உள்ளங்கைச் சதை சூம்பும். நூல் முடி போட விரல் வராது. அதே பக்கத்து இமை லேசாகத் தொங்கும். அந்தக் கண்ணின் பாப்பா சின்னதாகும். அந்தப் பக்க முகத்தில் வியர்வை வராது. இவ்வளவும் நடந்தாலும் இருமல் இருக்காது. கட்டி ஓரத்தில் இருப்பதால் மூச்சுக்குழாயைத் தொடாது. அமெரிக்காவில் பான்கோஸ்ட் என்ற எக்ஸ்ரே நிபுணர் 1924-லும் 1932-லும் இதைப் பற்றி எழுதினார். தோள் வலி என்று வந்தவருக்கு நுரையீரலின் உச்சியை எக்ஸ்ரேயில் கவனமாகப் பாருங்கள் என்றார். இன்றைக்கும் அது பொருந்துகிறது.

இரண்டாவது வேஷம், முக வீக்கம். காலையில் எழுந்ததும் முகம் உப்பியிருக்கும். சட்டைக் காலர் இறுகும். கழுத்து நரம்பும் மார்பு மேல் நரம்பும் புடைத்துத் தெரியும். குனிந்தால் தலை கனக்கும். தலையிலிருந்தும் கையிலிருந்தும் இதயத்துக்கு ரத்தம் கொண்டுவருகிற பெரிய குழாயைக் கட்டி நெரிப்பதால் இப்படி ஆகிறது. வாய்க்கால் மடையை அடைத்தால் மேல்பக்கம் தண்ணீர் தேங்குகிறது அல்லவா, அதுபோல. "உப்பு சேர்ந்துபோச்சு", "நீர் கோத்துக்கிச்சு" என்று இருந்துவிடக் கூடாது. இது அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய சங்கதி.

மூன்றாவது வேஷம், குரல் கம்மல். சளி இல்லை, தொண்டை வலி இல்லை, கத்திப் பேசவும் இல்லை. ஆனாலும் மூன்று வாரமாகக் குரல் கம்மியே இருக்கிறது. குரல்வளைக்குப் போகிற இடது நரம்பு நெஞ்சுக்குள் இறங்கி வளைந்து மேலே ஏறுகிறது. அந்த வளைவில் கட்டி அழுத்தினால் குரல் போய்விடும். தொண்டையைப் பார்க்கிற டாக்டரிடம் காட்டுங்கள். நெஞ்சுக்கும் ஒரு எக்ஸ்ரே கேளுங்கள்.

நான்காவது வேஷம், புத்தித் தடுமாற்றம். நன்றாக இருந்த மனுஷன் சில நாட்களாக மந்தமாக இருக்கிறார். வாந்தி வருகிறது. கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொல்கிறார். திடீரென்று வலிப்பும் வருகிறது. வீட்டில் என்ன சொல்வோம்? "காத்து கருப்பு அடிச்சிருக்கும்" என்போம். குடிப்பவராக இருந்தால் "குடிச்சுட்டு உளர்றாரு" என்போம். ஆனால் சிறுசெல் கட்டி ஒருவகை ஹார்மோனைத் தானாகவே சுரக்கும். அது சிறுநீரகத்தைத் தண்ணீரை வெளியே விடாமல் பிடித்துவைக்கச் சொல்லும். உப்புப் போட்ட கஞ்சியில் தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருந்தால் கஞ்சி சப்பென்று ஆகிவிடும் அல்லவா? அப்படி ரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போய்விடும். மூளை தடுமாறும். 1957-இல் அமெரிக்க மருத்துவர்கள் இரண்டு நோயாளிகளிடம் இதைக் கண்டு எழுதினார்கள். இருவருக்கும் நுரையீரல் புற்றுநோய் இருந்தது. இது தெரிய ஒரு ரத்தப் பரிசோதனை போதும். வீட்டிலேயே உப்பைக் கரைத்துக் கொடுக்காதீர்கள். தண்ணீர் எவ்வளவு, உப்பு எவ்வளவு என்பதை டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும்.

ஐந்தாவது வேஷம், தொடை பலவீனம். குழித்தறியிலிருந்து எழ முடியவில்லை. கையை ஊன்றித்தான் எழுகிறார். படி ஏறினால் தொடை துவள்கிறது. வாய் உலர்ந்துபோகிறது. வலி ஒன்றும் இல்லை. "வயசாகிடுச்சு" என்று விட்டுவிடுவோம். புற்றுநோயை எதிர்க்க உடம்பு உண்டாக்குகிற எதிர்ப்புச் சக்தி சில சமயம் ஆள் தெரியாமல் நம் நரம்பையே அடித்துவிடும். திருடனைப் பிடிக்கப் போன காவல்காரன் வீட்டுக்காரனை அடித்தது போலத்தான். இந்தப் பலவீனம், கட்டி எக்ஸ்ரேயில் தெரிவதற்குப் பல மாதம் முன்னாலேயே வரக்கூடும். ஆகையால் முதல் எக்ஸ்ரே சுத்தமாக இருந்தாலும், டாக்டர் "மறுபடி வாங்க" என்று சொன்ன தேதியில் போக வேண்டும்.

ஆறாவது வேஷம், புதிதாக வந்த சர்க்கரையும் ரத்தக் கொதிப்பும். சில மாதத்துக்குள் இரண்டும் ஒன்றாக ஏறி, முகம் உருண்டு, கைகால் மட்டும் இளைத்துப் பலம் இழந்தால், அதுவும் கட்டி சுரக்கிற ஹார்மோனின் வேலையாக இருக்கலாம். அபூர்வம்தான், ஆனாலும் உண்டு.

இவை தவிர, ராத்திரியில் அதிகமாகிற முதுகு வலி, ஒரு பக்கக் கால் மட்டும் வீங்கி வலிப்பது, நாற்பதுக்கு மேல் முதன்முதலாக வருகிற வலிப்பு, கழுத்துப் பக்கம் காரை எலும்புக்கு மேலே கல் போல் ஒரு கட்டி, ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப வருகிற நிமோனியாக் காய்ச்சல் ஆகியவையும் உண்டு. முதுகு வலியோடு இரண்டு காலும் மரத்துப்போய், சிறுநீர் கட்டுப்படவில்லை என்றால், விடியும்வரை காத்திருக்காதீர்கள். 108-ஐக் கூப்பிடுங்கள். அன்றைக்கே வைத்தியம் கிடைத்தால்தான் காலைக் காப்பாற்ற முடியும்.

வீட்டிலேயே ஒரு சோதனை

இரண்டு கையின் ஆள்காட்டி விரல்களையும் நகத்தோடு நகம் ஒட்டும்படி சேர்த்து வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். நகங்களின் அடிப்பக்கத்தில், சீட்டுக்கட்டு டைமண்ட் மாதிரி ஒரு சின்ன இடைவெளி தெரியும். அந்த இடைவெளி அடைபட்டு, விரல் நுனி மேளம் அடிக்கிற குச்சியின் முனை போல் உருண்டிருந்தால் டாக்டரிடம் காட்டுங்கள். தென்னாப்பிரிக்க இதய மருத்துவர் ஷாம்ராத் 1976-இல் சொல்லிவைத்த எளிய சோதனை இது. விரல் உருண்டவருக்கெல்லாம் புற்றுநோய் என்று அர்த்தமில்லை. நாள்பட்ட நுரையீரல் நோயிலும், சில இதய நோயிலும் இப்படி ஆகும். எதுவாயினும் பார்க்க வேண்டியதே. இன்றைக்கு ராத்திரி சாப்பாடு முடிந்ததும் கணவன் மனைவி இரண்டு பேரும் ஒருவர் விரலை ஒருவர் பாருங்கள். ஒரு நிமிஷம்கூட ஆகாது.

உலகப் புகழ் பெற்றவருக்கும் இதே கதை

நம் பிள்ளைகள் சிரித்துப் பார்க்கிற மிக்கி மவுஸ் எலியை உலகத்துக்குக் கொடுத்தவர் அமெரிக்காவின் வால்ட் டிஸ்னி. விடாமல் சிகரெட் பிடித்தவர். போலோ ஆட்டத்தில் பட்ட பழைய அடியால் அவருக்குக் கழுத்து வலி இருந்தது. 1966-இல் அதற்கு அறுவை சிகிச்சை செய்துகொள்ளலாம் என்று ஆஸ்பத்திரிக்குப் போனார். அதற்காக எடுத்த எக்ஸ்ரேயில்தான் இடது நுரையீரலில் கட்டி தெரிந்தது. நவம்பர் மாதம் அந்த நுரையீரலை எடுத்தார்கள். டிசம்பர் 15-ஆம் தேதி இறந்துபோனார். வயது 65. பணத்துக்கும் பெரிய டாக்டர்களுக்கும் குறைவில்லாதவருக்கே அப்படி. நாள் கடந்துவிட்டால் வசதி இருந்தும் கைகொடுக்காது.

காசநோய் என்றே நினைத்துவிடும் ஆபத்து

நம் நாட்டில் இந்த நோய்க்குப் பெரிய வேஷம் காசநோய்தான். இரண்டிலும் இருமல் உண்டு, இளைப்பு உண்டு, சளியில் ரத்தம் உண்டு. எக்ஸ்ரேயில் இரண்டும் வெள்ளை நிழலாகவே தெரியும். காசநோய் நம்மிடையே அதிகம். ஆகவே நிழலைக் கண்டதும் காசநோய் மாத்திரை ஆரம்பித்து, மாதக் கணக்கில் சாப்பிட்ட பிறகு புற்றுநோய் என்று தெரிய வருகிறவர்கள் பலர் உண்டு. அதற்குள் கட்டி பரவிவிடுகிறது.

இதைத் தடுக்க உங்களால் முடியும். காசநோய் மாத்திரை நல்ல மருந்து. அது வேலை செய்யும் என்பதை உலகத்துக்குக் காட்டியதில் நம் சென்னைக்குப் பெரிய பங்கு உண்டு. சேத்துப்பட்டில் 1956-இல் தொடங்கிய காசநோய் ஆராய்ச்சி மையம், நோயாளியை வீட்டில் வைத்தே மாத்திரை கொடுத்துக் குணமாக்கலாம் என்று 1959-இல் நிரூபித்தது. அவ்வளவு நல்ல மருந்தைத் தவறாமல் சாப்பிட்டும் இரண்டு மாதத்தில் பசி திரும்பவில்லை, எடை கூடவில்லை, நிழல் குறையவில்லை என்றால் என்ன கேட்க வேண்டும்? "டாக்டர் ஐயா, நோய் வேறாக இருக்குமோ?" என்று கேட்க வேண்டும்.

மாத்திரை தொடங்கும்போதே இன்னொன்றும் கேளுங்கள்: "சளியில் கிருமி தெரிஞ்சுதாங்களா?" அரசு மருத்துவமனைகளில் சளிப் பரிசோதனை இலவசம். சளியில் கிருமி இருந்தால் காசநோய் உறுதி. மாத்திரையை ஒரு நாளும் நிறுத்தக் கூடாது. கிருமி இல்லை, எக்ஸ்ரேயில் மட்டும் நிழல் என்றால், அடுத்த சோதனை என்ன என்று விசாரியுங்கள். நீங்களாகவே எந்த மாத்திரையையும் நிறுத்தாதீர்கள். சில பேருக்கு இரண்டு நோயும் சேர்ந்தே இருக்கலாம்.

எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

முதல் படி நெஞ்சு எக்ஸ்ரே. ஆனால் எக்ஸ்ரே சுத்தம் என்பதால் மட்டும் நுரையீரல் சுத்தம் என்று சொல்லிவிட முடியாது. இதயத்துக்குப் பின்னாலும், காரை எலும்புக்குப் பின்னாலும் ஒளிந்திருக்கிற கட்டி தெரியாமல் போகலாம். தொந்தரவு நிற்கவில்லை என்றால் இரண்டாவது படி சி.டி. ஸ்கேன். அது நெஞ்சைக் கத்தரிக்காய் அரிந்தது போல் வில்லை வில்லையாகக் காட்டும்.

மூன்றாவது படிதான் முக்கியம். கட்டியிலிருந்து துளி சதை எடுத்துப் பூதக்கண்ணாடியில் பார்க்க வேண்டும். மூக்கு வழியாக மெல்லிய குழாய் விட்டு எடுக்கலாம். ஸ்கேனைப் பார்த்துக்கொண்டே வெளியிலிருந்து ஊசியால் எடுக்கலாம். கழுத்தில் கட்டி இருந்தால் அதிலிருந்தே எடுக்கலாம். நுரையீரலைச் சுற்றி நீர் கோத்திருந்தால் அந்த நீரைச் சோதிக்கலாம். சதையைப் பார்க்காமல் இது சிறுசெல்லா, வேறு வகையா என்று யாராலும் சொல்ல முடியாது. வகை தெரியாமல் மருந்தும் கொடுக்க முடியாது. சிறுசெல்லுக்குப் பெரும்பாலும் ஊசி மருந்தும் கதிர்வீச்சும்தான். அறுவை சிகிச்சை அபூர்வம். மற்ற வகைகளில், பரவாமல் இருந்தால் அறுத்து எடுப்பார்கள். சிலருக்குக் கட்டியின் தன்மையைச் சோதித்து மாத்திரையாகவே கொடுப்பதும் இப்போது உண்டு. புகையே பிடிக்காத பெண்கள் சிலருக்கு இந்த மாத்திரை நன்றாக வேலை செய்கிறது. ஆகவே, "நான் பீடி தொட்டதே இல்லை, எனக்கு எங்கே வரும்" என்று தாய்மார்களும் இருந்துவிட வேண்டாம்.

சில தவறான எண்ணங்கள்

"ஊசி குத்தினா, கத்தி பட்டா கேன்சர் பரவிடும்" என்று ஊரில் சொல்வார்கள். இந்தப் பயத்தினாலேயே ஆஸ்பத்திரிப் படிக்கட்டிலிருந்து திரும்பி வந்தவர்கள் உண்டு. ஊசி குத்துவதால் பரவுகிற ஆபத்து மிக மிக அபூர்வம். காத்திருந்தால் பரவுவது நிச்சயம். நாம் தாமதமாகப் போகிறோம். போனபோது நோய் ஏற்கெனவே பரவியிருக்கிறது. பழியை ஊசி மேல் போடுகிறோம். அவ்வளவுதான்.

"ஒட்டிக்கும்" என்பதும் தவறு. புற்றுநோய் தொற்றுநோய் அல்ல. தட்டு, டம்ளர், பாய் எதையும் பிரிக்க வேண்டாம். நோயாளியின் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுங்கள். தம்பதியர் சேர்ந்து படுப்பதாலும் ஒருவரிடமிருந்து ஒருவருக்கு வராது. ஊசி மருந்து எடுக்கிற காலத்தில் மட்டும் கருத்தரிக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அதற்கு என்ன முறை என்று டாக்டரிடமோ செவிலியரிடமோ கூச்சப்படாமல் கேளுங்கள்.

"அவருகிட்டே சொல்லாதீங்க, உடைஞ்சு போயிடுவாரு" என்பது நாம் அன்பினால் செய்கிற தவறு. பெண்ணுக்கு நோய் என்றால் ஆம்பிளைகளே பேசி முடிவெடுத்துவிடுவதும் உண்டு. உடம்பு யாருடையதோ அவருக்குத் தெரியத்தான் வேண்டும். தெரிந்தால்தான் மருந்தின் கஷ்டத்தைத் தாங்குவார்; பிள்ளை படிப்பு, நிலம், கடன் எல்லாம் பேசி வைப்பார். மெதுவாக, கையைப் பிடித்துக்கொண்டு சொல்லுங்கள்.

எங்கே போவது?

முதலில் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையம் அல்லது பள்ளிப்பட்டு அரசு மருத்துவமனை. அடுத்து திருத்தணி அரசு மருத்துவமனை. ஸ்கேனுக்கும் மேற்கொண்டு சோதனைக்கும் திருவள்ளூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. அந்தக் கல்லூரி 2022 ஜனவரியில் திறக்கப்பட்டது. திருத்தணியில் ரயில் ஏறினால் சென்னை சென்ட்ரல்; அதன் எதிரிலேயே ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை. காஞ்சிபுரம் காரப்பேட்டையில் அறிஞர் அண்ணா பெயரில் அரசு புற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது. அடையாறில், டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் 1954-இல் தொடங்கிய புற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது. தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த துக்கத்தில் பிறந்தது அது. சோளிங்கர் வழியாகப் போனால் வேலூர் சி.எம்.சி.

செலவுக்குப் பயந்து நின்றுவிடாதீர்கள். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் புற்றுநோய் சிகிச்சையும் அடங்கும். தகுதியுள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை உண்டு. அட்டை இல்லாதவர்கள் நோய் வருவதற்கு முன்பே எடுத்துவைக்க வேண்டும். கிராம நிர்வாக அலுவலரிடம் வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதார் இவற்றோடு கலெக்டர் ஆபீசில் போய்க் கேளுங்கள். சந்தேகத்துக்கு 104 என்ற எண்ணில் பேசலாம்.

போகும்போது பழைய எக்ஸ்ரே, ஸ்கேன், மருந்துச் சீட்டு எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு எடுத்துப் போங்கள். பழைய எக்ஸ்ரேயையும் புதிய எக்ஸ்ரேயையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் நிழல் வளர்ந்ததா, குறைந்ததா என்று டாக்டருக்குத் தெரியும். ஆந்திரா பக்கம் நகரி, சித்தூர் என்று காட்டியிருந்தால் அந்தச் சீட்டுகளையும் விடாதீர்கள். தொந்தரவு எந்தத் தேதியில் ஆரம்பித்தது என்று காலண்டரில் குறித்து வையுங்கள். கணவன் மனைவி சேர்ந்தே போங்கள். ஒருவர் சொல்ல மறந்ததை மற்றவர் சொல்லலாம்.

வேரை வெட்டுவோம்

சிறுசெல் புற்றுநோய் ஏறக்குறைய முழுக்க முழுக்கப் புகைபிடிப்பவர்களுக்கே வருகிற நோய். பீடி சின்னது, இலையில் சுற்றியது, அதனால் சாது என்று எண்ண வேண்டாம். தமிழ்நாட்டில் சென்னையிலும் கிராமப்புறத்திலுமாக இறந்துபோன 43,000 ஆண்களின் விவரங்களை வீடு வீடாக விசாரித்து, டாக்டர் கஜலட்சுமி அம்மையாரும் அவருடைய தோழர்களும் 2003-இல் ஒரு ஆராய்ச்சியை வெளியிட்டார்கள். இந்தியாவில் காசநோயால் சாகிற ஆண்களில் பாதிப் பேரின் சாவுக்குப் புகைதான் காரணம் என்று கணக்கிட்டார்கள். ஆகப் புற்றுநோய்க்கும் புகை, காசநோய்க்கும் புகை. இரண்டு கதவையும் திறந்துவிடுகிற சாவி ஒன்றுதான்.

கல் உடைக்கிற தூசி, வெல்டிங் புகை, டீசல் புகை இவையும் நுரையீரலுக்கு எமன்கள். கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்கும் கல் குவாரிக்கும் வேலைக்குப் போகிறவர்கள் முகமூடியைப் பையில் வைக்காமல் முகத்தில் போடுங்கள். டாக்டரிடம் போகும்போது என்ன வேலை செய்தோம் என்பதையும் சொல்லுங்கள். வீட்டில் விறகு அடுப்பு எரித்தால் ஜன்னலைத் திறந்து வையுங்கள். முடிந்தால் கேஸ் அடுப்புக்கு மாறுங்கள்.

பீடியை விட்டால் என்றைக்கும் லாபம்தான். விட்டுப் பத்து ஆண்டு ஆனால், நுரையீரல் புற்றுநோயால் சாகிற ஆபத்து விடாதவருக்கு இருப்பதில் பாதியாகக் குறைந்துவிடுகிறது. விட முடியாமல் தவிப்பவர்கள் 1800 11 2356 என்ற இலவச எண்ணில் பேசலாம். தாய்மார்களே, சண்டை போட்டு விட வைக்க முடியாது. "பொண்ணு கல்யாணத்துக்கு நீங்க இருக்கணுங்க" என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். நூறு சண்டைக்கு அது சமம்.

நினைவில் வைக்க வேண்டியவை

மூன்று வாரத்துக்கு மேல் நிற்காத இருமல், குரல் கம்மல், தோள் வலி எதுவானாலும் நெஞ்சு எக்ஸ்ரே எடுத்துப் பாருங்கள்.

முக வீக்கம், புத்தித் தடுமாற்றம், முதல் வலிப்பு, சளியில் ரத்தம், இரண்டு கால் மரத்துப்போவது என்றால் அன்றைக்கே ஆஸ்பத்திரி.

எக்ஸ்ரே சுத்தமாக இருந்தும் தொந்தரவு நிற்கவில்லை என்றால் சி.டி. ஸ்கேன் பற்றிக் கேளுங்கள்.

காசநோய் மாத்திரை இரண்டு மாதம் ஒழுங்காகச் சாப்பிட்டும் குணம் தெரியவில்லை என்றால் மறுபடி சோதிக்கச் சொல்லுங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

டாக்டர் சதை எடுத்துப் பார்க்கச் சொன்னால் மறுக்காதீர்கள், நாள் கடத்தாதீர்கள்.

தாய்மார்களே, ஐயாமார்களே! டாக்டர் உங்களைப் பார்ப்பது பத்து நிமிஷம். நீங்கள் ஒருவரை ஒருவர் பார்ப்பது வருஷம் முழுக்க. அவர் குரல் மாறியதும், அவள் கை பலம் குறைந்ததும் முதலில் உங்களுக்குத்தான் தெரியும். "ஒண்ணும் இல்லே, போயிடும்" என்று அவர் சொல்வார். "இருக்கட்டும், ஒரு தடவை காட்டிட்டு வந்துடலாம் வாங்க" என்று நீங்கள் சொல்லுங்கள்.